எழுபதாயிரம் அடிக்கு ஒரு உடை

அந்த விமானத் தளத்தில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே ஊசியக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் ஊசி. தையல் வேலைக்காக வைத்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒரு வாரம் அவளோடு வேலை செய்தால் காரணம் அது மட்டும் இல்லை என்று தெரிந்துவிடும். சிலருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். இவளுக்கு அது மூக்கு வரைக்கும் ஏறிவர வேண்டிய அவசியமே இல்லை, வாயிலேயே குடியிருந்தது. உளவு பார்க்கும் விமானங்களை ஓட்டுகிறவர்களுக்கு உடை தைப்பதும், தைத்த உடையை அவர்களுக்கு உடுத்திவிடுவதும் அவள் வேலை.

தளத்துக்கு வருவதற்கு முன் அவள் பெண்களுக்கான உள்ளாடை தைக்கும் தொழிற்சாலையில் இருந்தாள். சிரிக்க வேண்டாம். உடம்போடு ஒட்ட வேண்டும், ஆனால் உறுத்தக் கூடாது. இழுத்துப் பிடிக்க வேண்டும், ஆனால் மூச்சு முட்டக் கூடாது. இந்த வித்தை கோட்டு தைக்கிறவனுக்கு வராது. விமானப்படை அதிகாரிகள் இரண்டு பேர் ஒருநாள் அந்தத் தொழிற்சாலைக்கு வந்து, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூரையையே பார்த்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் பேசினார்கள். "இங்க பாத்துப் பேசுங்க சார், துணி ஒண்ணும் கடிக்காது" என்றாள் ஊசி. வந்தவர்கள் அவளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு எத்தனையோ தடவை அந்த வாய்க்காக அவர்கள் தங்களையே நொந்துகொண்டார்கள்.

அந்த விமானத்தைப் பற்றிச் சொல்லாமல் அவள் கதையைச் சொல்ல முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும், ஆனால் எட்டிப் பார்த்தவனை யாரும் பிடிக்கக் கூடாது. எல்லா அரசாங்கத்துக்கும் உள்ள ஆசைதான். முதலில் சாதாரண விமானத்தில் கேமராவை மாட்டி அனுப்பினார்கள், எதிரி சுட்டு வீழ்த்தினான். பலூனில் கேமராவைக் கட்டி விட்டுப் பார்த்தார்கள், காற்று இழுத்த பக்கம் போய் எங்கேயோ விழுந்தது. கடைசியில் வடிவமைப்பாளர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பீரங்கியும் ஏவுகணையும் சண்டை விமானமும் எட்டாத உயரத்தில் பறந்துவிட்டால் கீழே இருக்கிறவன் வானத்தைப் பார்த்துத் திட்டலாம், அவ்வளவுதான். அந்த உயரம் எழுபதாயிரம் அடி.

அங்கே காற்று என்று பெயருக்குத்தான் இருக்கிறது. இருக்கிற கொஞ்சத்தில் மிதக்க இறக்கை நீளமாக வேண்டும், உடம்பு இளைத்திருக்க வேண்டும். ஆகவே கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினார்கள். மற்ற விமானங்கள் மூன்று காலில் நிற்கும். இதற்குச் சைக்கிள் மாதிரி முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம். இறக்கை முனையில் முட்டுக்கொடுக்க ஒரு குச்சிச் சக்கரம் உண்டு, விமானம் கிளம்பியதும் அது கழன்று தரையிலேயே விழுந்துவிடும். அதனால் இறங்கி வந்து நிற்கும்போது விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். தரையில் இருக்கிற ஆட்கள் ஓடிப்போய், தூக்கிக்கொண்டு நிற்கிற இறக்கையில் தொங்கி அதை நேராக்குவார்கள். விமானிக்கு உள்ளே இருந்து தரை சரியாகத் தெரியாது. அதற்காக ஒரு கார் பின்னாலேயே துரத்திக்கொண்டு ஓடும், "பத்தடி, அஞ்சடி, ரெண்டடி" என்று அதில் இருக்கிறவன் ரேடியோவில் கத்திக்கொண்டே வருவான். மேலே போனபிறகும் நிம்மதி கிடையாது. வேகம் கொஞ்சம் குறைந்தால் விழுந்துவிடும், கொஞ்சம் கூடினால் உடைந்துவிடும். நடுவில் உள்ள சின்னச் சந்தில் மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும். நீள இறக்கையும் ஒல்லி உடம்பும் என்பதால் அதற்குத் தும்பி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எடை குறைக்கிற வெறியில் விமானி உட்காரும் அறையின் சுவரையும் மெல்லியதாக வைத்துவிட்டார்கள். மெல்லிய சுவருக்குள் அதிகக் காற்றை அடைக்க முடியாது. ஆகவே எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளிலும் விமானி உலகத்திலேயே உயரமான மலையின் உச்சியில் உட்கார்ந்த மாதிரிதான் உட்கார்ந்திருப்பான். அந்தச் சுவரில் ஓட்டை விழுந்தால் போச்சு. அழுத்தம் இல்லாத அந்த உயரத்தில், சூடே இல்லாமல் உடம்பிலுள்ள நீர் கொதிக்கும். அப்போது சட்டென்று காற்று நிரம்பி, உடம்பை நாலா பக்கமும் அணைத்துப் பிடிப்பதற்குத்தான் ஊசி தைத்த உடை. உள்ளே ரப்பர் பை, அதன்மேல் வலைத்துணி, அதற்கும் மேல் தடித்த மேலுறை. ஒவ்வொரு விமானிக்கும் தனித்தனி அளவு. ஒரு உடையை முடிக்க மாதக்கணக்கில் ஆகும், ஒருவனுடையது இன்னொருவனுக்குப் பொருந்தாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. சோடா பாட்டிலைத் திறந்தால் குமிழ் கிளம்புகிற மாதிரி, அழுத்தம் குறைந்ததும் ரத்தத்தில் கரைந்துள்ள நைட்ரஜன் குமிழியாகக் கிளம்பும். மூட்டில் கிளம்பினால் வலி. மூளையில் கிளம்பினால் அது வேறு கதை. அதைத் தடுக்கத்தான் விமானி உடையைப் போட்டுக்கொண்டு, புறப்படுவதற்கு முன்பே நெடுநேரம் வெறும் ஆக்ஸிஜனைச் சுவாசித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பான். இதெல்லாம் தளத்தில் கேன்டீன்காரருக்குக்கூடத் தெரியும்.

அவள் கோபத்துக்குக் காரணமானவன் அவள் தம்பி. நெட்டை உடம்பு, நீண்ட கழுத்து. பள்ளிக்கூடத்திலேயே அவனுக்குக் கொக்கு என்று பட்டம். அம்மா போனபிறகு அவனை வளர்த்தது ஊசிதான். கல்யாணம் என்கிற வம்பில் அவள் மாட்டிக்கொள்ளாததற்கும் அவன்தான் காரணம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். "என்னைக் கட்டிக்கிட்டு எவன் அவஸ்தைப்படறது, ஏதோ அந்த மட்டும் ஒரு ஆம்பளை தப்பிச்சான்" என்று அவள் பதில் சொல்வாள். அக்காவைப் பார்க்கத் தளத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தவன் தும்பியைப் பார்த்துவிட்டான், அங்கே ஆரம்பித்தது வினை. விமானப்படையில் சேர்ந்து, தேறி, கடைசியில் தும்பி ஓட்டவே வந்து நின்றான். அன்றைக்கு அவள் போட்ட சத்தம் ஓடுபாதை வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள். ஆனால் அவன் உடையை வேறு யாரையும் தொடவிடவில்லை. அவனுக்கான துணியை வெட்டியது முதல் கடைசித் தையல் வரை அவள் கைதான்.

உடை அறையில் ஒரு வழக்கம் இருந்தது. உடையைப் போட்டபிறகு விமானி எதையும் தொடக் கூடாது, குளிப்பாட்டுவதற்கு உட்காரவைத்த குழந்தை மாதிரி சும்மா இருக்க வேண்டும். உடுத்திவிடுகிறவர்கள் இரண்டு பேர். ஊசிக்கு ஜோடியாக இருந்தவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். ஹெல்மெட்டின் கண்ணாடியை மூடியபிறகு பேச்சு கம்பி வழியாகத்தான். கம்பி வேலை செய்கிறதா என்று பார்க்க உடுத்துகிறவர் கடைசியாக ஒரு கேள்வி கேட்பார், என்ன கேள்வியாகவும் இருக்கலாம். விமானி பதில் சொன்னதும் ஹெல்மெட்டில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. எல்லாம் அடைத்தாகிவிட்டது, போகலாம் என்று அர்த்தம். தட்டு விழாமல் எந்த விமானியும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மாட்டான். கொக்கிடம் அவள் எப்போதும் கேட்பது "பல்லு தேய்ச்சியாடா?" என்றுதான். கமாண்டரும் டாக்டரும் அதே கம்பியில் கேட்டுச் சிரிப்பார்கள்.

காலம் மாறியது. ஏவுகணை எழுபதாயிரம் அடிக்கும் வந்துவிட்டது. எல்லையைத் தாண்டிப்போன தும்பி ஒன்று திரும்பி வரவில்லை. அதற்குப்பிறகு எல்லைக்கு இந்தப் பக்கமே பறந்து, சாய்வாக எட்டிப் பார்ப்பது என்று ஆனது. செயற்கைக்கோள் வந்தது, இனிமேல் தும்பிக்கு ஓய்வுதான் என்றார்கள். செயற்கைக்கோள் எந்த நேரத்தில் தலைக்கு மேலே வரும் என்று எதிரிக்கும் தெரியும் அல்லவா, அந்த நேரம் பார்த்து எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டான். ஆகவே மறுபடியும் தும்பி. பெரிய எஞ்சின் வைத்தார்கள், எரிபொருளை அதிகமாக்கினார்கள், சுருள் சுருளாகப் பிலிம் ஓடிய இடத்தில் எலெக்ட்ரானிக் கேமரா வைத்தார்கள். விமானத்தில் எல்லாம் மாறியது. அரை நாள் பறக்கவேண்டிய இடத்தில் முழு நாள் பறந்தார்கள், வாரத்தில் ஒருநாள் என்பது அடிக்கடி என்று ஆனது. விமானி உட்காரும் அறையின் சுவர் மட்டும் முதல்நாள் வைத்த தடிமனிலேயே இருந்தது. எதற்காக அத்தனை எடையைக் குறைத்தார்களோ அந்தக் காரணமே போய்விட்டது. அதைச் சொல்ல ஒருவனுக்கும் வாய் வரவில்லை.

ஒருநாள் கொக்கின் உடையைக் கழுவிக் காயப்போடும்போது ஊசி அதன் முழங்காலைப் பார்த்தாள். வலைத்துணியின் தையல் இழுபட்டு நின்றது. சுவரில் ஓட்டை விழுந்தால்தான் உடை ஊத வேண்டும். விமானி வேண்டுமென்று பித்தானை அமுக்கினாலும் ஊதும். ஓட்டை எதுவும் விழவில்லை. அப்படியானால் பயல் வேண்டுமென்றே ஊதவிட்டிருக்கிறான். அவள் உடையை அப்படியே போட்டுவிட்டு அவன் வீட்டுக்குக் கிளம்பினாள். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் இருந்தவன் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தான்.

"முழங்கால்ல என்னடா?"

"முழங்கால்ல என்ன, முழங்கால்தான் இருக்கு."

"வாயைக் கிழிச்சிடுவேன். என் தையல் என்கிட்டயே பொய் சொல்லுமா? எத்தனை நாளா ஊதவிட்டுக்கிட்டிருக்க?"

அவன் குழாயை மூடினான். "கத்தாதக்கா, உள்ள அவ இருக்கா. மேல போய்க் கொஞ்ச நேரம் ஆனா முழங்கால் குடையும். உடையை லேசா ஊதவிட்டா அடங்கிடும். கீழ இறங்கினா சுத்தமா போயிடுது. போயிடுச்சுன்னா அப்புறம் என்ன?"

அவர்கள் எல்லோருமே செய்த தவறு அதுதான். கீழே இறங்கினால் வலி போய்விடும். வலி போனால் வியாதியும் போனது என்று நம்பினார்கள். இவ்வளவு படித்து, இவ்வளவு தேர்வு எழுதி, அந்தப் பெரிய விமானத்தை அந்தச் சின்னச் சந்தில் ஓட்டத் தெரிந்தவர்கள், தங்கள் உடம்பு விஷயத்தில் மட்டும் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்கள்.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா மறுநாளே உக்கார வெச்சிடுவாங்க. எல்லாரும் இப்படித்தான். போய்ச் சொன்ன முட்டாள் ஒருத்தனைக் காட்டு பாப்போம்."

"முட்டாளா இருந்தா என்னடா குறைஞ்சு போயிடும்?"

சத்தம் கேட்டு அவன் மனைவி ஈரக்கையோடு வெளியே வந்தாள். நாத்தனாருக்கும் அவளுக்கும் ஏற்கெனவே ஏழாம் பொருத்தம். "என்ன அண்ணி, வாசல்லயே ஆரம்பிச்சுட்டீங்களா?"

"உன் புருஷனுக்கு உடம்பு சரியில்ல. அவனை உக்கார வை."

"அவர் நல்லாத்தான் இருக்கார். அவர் உசரத்துல இருக்கறது உங்களுக்குத்தான் கண்ணை உறுத்துது" என்றாள் அவள். சொல்லும்போது அவள் பார்வை ஊசியின் முகத்தில் நிற்கவில்லை, செருப்பில் நின்றது. ஊசிக்கு இருந்த கோபத்தில் அது பிடிபடவில்லை.

நேரே டாக்டரிடம் போனாள். தளத்து டாக்டர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சேர்ந்து செய்கிற அநியாயத்துக்கு ஒரு தனி ருசி உண்டு, யாரையும் பிடித்து அடிக்க முடியாது. அவள் சொன்னதை அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தெரியும்மா. எனக்கு எல்லாம் தெரியும். இவனை நான் நிறுத்தினேன்னு வைங்க, மத்தவங்க எவனும் என்கிட்ட வாயைத் திறக்க மாட்டான். இப்பவாவது பாதிப் பேரு தலைவலின்னு வந்து சொல்றான்."

"சொன்னா என்ன குடுக்கறீங்க?"

"தலைவலி மாத்திரை."

"அதை நீங்களே போட்டுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

கமாண்டர் அறையில் தும்பியின் சின்ன மாதிரி ஒன்று மேசைமேல் இருந்தது. அவர் அதைத் தடவிக்கொண்டே பேசினார். சுவரைத் தடிமனாக்கினால் எடை கூடும், எடை கூடினால் உயரம் குறையும், வடிவமைத்தவர்கள் ஒன்றும் மடையர்கள் இல்லை. "ஊசியக்கா, நீங்க உடையைப் பாருங்க, விமானத்தை நாங்க பாத்துக்கறோம்."

"விமானத்தை நீங்க பாத்துக்கறீங்க. உடைக்குள்ள இருக்கறவனை யாரு சார் பாத்துக்கறது?"

அவர் சிரித்தார். அவள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பது அங்கே எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. இருபது ஆளைத் திட்டுகிறவள் இருபத்தோராவது ஆளையும் திட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். தன் கோபத்துக்கு மரியாதை இல்லாமல் போனது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. கதவைச் சாத்திய வேகத்தில் மேசைமேல் இருந்த மாதிரி விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அடுத்த சில வாரங்கள் அவள் முழங்காலை மறுபடி தைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள், திட்டிக்கொண்டே இருந்தாள். கொக்கு சிரித்துக்கொண்டே போய், சிரித்துக்கொண்டே வந்தான். சொன்ன ஜோக்கையே திரும்பச் சொன்னான். உடை அறைக்கு வருகிற வழியில் ஒருநாள் வழி தவறிக் கேன்டீனுக்குள் போய் நின்றான். கவனம் இல்லை, களைப்பு, வயசு என்று ஆளாளுக்குப் பூசி மெழுகினார்கள்.

அன்று காலை வெளிச்சம் பளிச்சென்று இருந்தது. கொக்கு நாற்காலியில் சாய்ந்து ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டிருந்தான். பக்கத்து நாற்காலியில் மாற்று விமானியும் உடையோடு தயாராக இருந்தான். முதல் ஆளுக்கு ஏதாவது ஆனால் போவதற்காக எப்போதும் ஒருவனைத் தயாராக வைத்திருப்பார்கள். கையுறையைப் பூட்டி, கழுத்து வளையத்தைப் பூட்டி, கண்ணாடியை மூடிவிட்டு ஊசி கம்பியைச் சொருகிக்கொண்டாள். வழக்கமான பல்லுக் கேள்வியைக் கேட்க அன்றைக்கு அவளுக்கு மனசு வரவில்லை.

"சாயங்காலம் இறங்கினதும் எங்கடா போவ?"

"வீட்டுக்குத்தான்" என்றது கம்பியில் அவன் குரல். "அம்மா காத்துக்கிட்டிருப்பா. நேரமாச்சுன்னா சாப்பிடாம உக்காந்திருப்பா."

கம்பியின் மறுமுனையில் கமாண்டர், "நல்ல பிள்ளை" என்றார். டாக்டர் ஏதோ சொல்லிச் சிரித்தார். எல்லோருக்கும் அம்மா உண்டு, எல்லா அம்மாவும் காத்துக்கொண்டிருப்பாள், அதில் விசேஷமாக என்ன இருக்கிறது? அவர்கள் அம்மா செத்துப்போனபோது கொக்கு பள்ளிச் சீருடையில் இருந்தான் என்பது அந்த அறையில் ஊசிக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் கண்ணாடிக்குள் பார்த்தாள். அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருக்கிற முகம்.

"இவன் போக முடியாது" என்றாள்.

"என்ன ஆச்சு? எல்லாம் அடைச்சாச்சா இல்லையா?" என்றார் கமாண்டர்.

"எங்க அம்மா செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு சார். இவனுக்கு அது தெரியல. இவன் போக முடியாது."

கமாண்டர் நிதானமாகச் சொன்னார். "ஏதோ விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்மா. நேரம் ஆகுது. இன்னொருத்தர் தட்டுங்க."

தட்டு யார் கொடுத்தாலும் தட்டுதான். தூங்குமூஞ்சி அவளைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், கையைத் தூக்கினான். அவனைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, சொன்னதைச் செய்கிறவன். அப்போதுதான் அவளுக்குள் அத்தனை நாளாக வாய்வழியே வீணாகப் போய்க்கொண்டிருந்த கோபம் முதல்தடவையாகக் கைக்கு இறங்கியது.

விபத்தில் மாட்டிய விமானியின் மேலிருந்து உடையை வெட்டி எடுப்பதற்காக, உடுத்துகிறவர்களின் இடுப்பில் வளைந்த மூக்குள்ள கத்தரி ஒன்று தொங்கும். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதை உறையை விட்டு எடுத்ததில்லை. எடுத்தாள். கொக்கின் கணுக்காலில் சொருகி, முழங்காலைத் தாண்டி, தொடை வரைக்கும் ஒரே இழுப்பு. மேலுறை, வலை, ரப்பர் எல்லாம் சேர்ந்து வாயைப் பிளந்தது. தான் இழை இழையாகப் பார்த்துப் பார்த்துத் தைத்ததைத் தன் கையாலேயே கிழித்தாள். உடையிலிருந்து காற்று பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு நாள் நிறுத்தினால் மறுநாள் அனுப்புவார்கள். உடை இல்லாவிட்டால் மாதக்கணக்கில் அனுப்ப முடியாது.

கொக்கு ஹெல்மெட்டுக்குள் கத்தியது கம்பியில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. "பைத்தியக்காரி! என் வாழ்க்கையையே வெட்டிட்டியே! நீயெல்லாம் ஒரு அக்காவா?"

தும்பி அன்றைக்கும் கிளம்பியது. மாற்று விமானிக்குத் தூங்குமூஞ்சி இரண்டு தட்டு தட்டினான், அவன் போனான். ஒரு நிமிடம்கூடத் தாமதம் இல்லை. இரண்டு காவலர்கள் ஊசியைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போகும்போது, தலைக்கு மேலே அந்தச் சனியன் பிடித்த இறக்கை மினுக்கிக்கொண்டு ஏறியதை அவள் பார்த்தாள்.

விசாரணையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதாகச் சொன்னார்கள்.

"அந்த அரசாங்கச் சொத்துக்குள்ள என் தம்பி இருந்தான்" என்றாள் அவள். பதிலுக்கு அவளை வேலையை விட்டு எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

புது உடை தயாராகும்வரை கொக்கைச் சும்மா உட்காரவைக்க முடியாதே என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பரிசோதித்தார்கள். தலைக்குள் படம் எடுத்தார்கள். மூளையில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி இருந்தது. இதற்கும் பறப்பதற்கும் சம்பந்தம் இருப்பதாகச் சொல்ல முடியாது என்றார்கள் முதலில். மற்ற விமானிகளையும் வரிசையாகப் படம் எடுத்தபிறகு அந்தப் பேச்சு நின்றது. சில வருடங்கள் கழித்து, சத்தம் போடாமல், தும்பியின் சுவரைத் தடிமனாக்கினார்கள். விமானி உட்கார்ந்த மலையின் உயரம் பாதியாகக் குறைந்தது. அதற்காகக் கூடிய எடை ஒரு ஆளின் எடைதான். அதனால் பறக்கும் உயரம் எவ்வளவு குறைந்தது என்று ஊசி விசாரித்தபோது, ஒன்றும் பெரிதாக இல்லை என்று கேன்டீன்காரர் வழியாகச் செய்தி வந்தது. ஊசி கையிலிருந்த டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தாள். ஒரு ஆளின் எடை! அந்த ஒரு ஆள் எடையை மிச்சம்பிடிக்கத்தானா இத்தனை ஆளையும் தின்றார்கள்?

கொக்கின் மனைவி ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "எனக்கு முன்னாடியே தெரியும் அண்ணி. பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு வந்து, பொண்ணு எங்கன்னு வீடு பூரா தேடுவார். உங்ககிட்டச் சொன்னா நீங்க நிறுத்திடுவீங்கன்னுதான் சொல்லல. பறக்கலேன்னா அவர் செத்துடுவாரோன்னு நினைச்சேன்." ஊசி அவளை ஏசத்தான் வாயைத் திறந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருடி, கால் வலிக்கப்போகுது" என்றாள்.

கொக்கு ரொம்ப நாள் அக்காவின் முகத்தில் விழிக்கவில்லை. அவள் வீட்டுக்குள் வந்தால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவான். அதையாவது அவளால் தாங்க முடிந்தது. பிறகு எதற்காகக் கோபம் என்று மறந்துபோனான். அதற்கும் பிறகு அவள் யார் என்பதே மறந்துபோனது. "கோபத்தையாவது விட்டு வெச்சிருக்கலாமே, அதையும் பிடுங்கிட்டானுங்களே" என்று அவள் அடுப்படியில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். தினமும் தம்பி வீட்டுக்குப் போய், அவனுக்குச் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டு, முன்போலவே திட்டிவிட்டு வருவாள். அவன் வந்தவளுக்கு மரியாதையாக வணக்கம் சொல்வான்.

தும்பிகளுக்கு ஓய்வு கொடுத்தபோது ஒன்றைத் தளத்தின் பழைய கொட்டகையில் காட்சிக்கு வைத்தார்கள். இப்போது ஆளே இல்லாமல் பறக்கிற விமானம் வந்துவிட்டது. ஆளில்லாததற்கு முழங்கால் வலிக்காது. பழைய விமானிகளைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள். ஊசி போக மாட்டேன் என்றுதான் சொன்னாள். தம்பி மனைவி கெஞ்சியதால் போனாள்.

விமானத்தைக் கொக்கு பார்த்தும் பார்க்காத மாதிரி கடந்துபோனான். அடுத்து ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பொம்மைக்கு மாட்டிய மாதிரி அவன் உடை நின்றது. கணுக்காலிலிருந்து தொடை வரைக்கும் அவள் போட்ட வெட்டை யாரோ தைத்து மூடியிருந்தார்கள். நூலின் நிறம் வேறு, தையல் ஒன்று மேலே ஒன்று கீழே. வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை எங்கேயும் இல்லை. கொக்கு நின்றான். நீண்ட கழுத்தை வளைத்து, கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்தான். அந்தக் கோட்டைக் கண்ணாடி மேலேயே விரலால் தடவினான்.

"யாரு தைச்சது இது?" என்றான். "கோணலா இருக்கு. எங்கக்கா பாத்தான்னா தோலை உரிச்சிடுவா."

பக்கத்தில் நின்ற அவளிடம்தான் சொன்னான், தெரியாத பெண்மணி ஒருத்தியிடம் சொல்கிற பணிவோடு. "அவளுக்கு ரொம்பக் கோபம் வருங்க."

தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊசி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

"எந்தக் கை விளங்காதவன்டா தைச்சான் இதை? கோணி தைக்கிறவன்கூட இப்படித் தைக்க மாட்டான்! உள்ள ஒரு ஆளு உக்காரப்போறான்னு நினைப்பு இருந்ததா உங்களுக்கு? என்னைக்காவது இருந்ததாடா?"

கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. காவலாளி ஓடிவந்தான், கமாண்டராக இருந்த கிழவர் தூரத்திலேயே நின்றுவிட்டார். கொக்கின் முகம் விரிந்தது. அவன் கையைத் தட்டிச் சிரித்தான்.

"இதே மாதிரிதாங்க! அப்படியே இதே மாதிரிதான் கத்துவா!"

அவன் சிரிப்பு ஓயும்வரை அவள் திட்டுவதை நிறுத்தவில்லை.